விற்றுவிட்டுப் போன குதிரைகள்

1931 ஏப்ரலில் லண்டனின் 'மோர்னிங் போஸ்ட்' பத்திரிகையில் ஒரு வாசகர் கடிதம் வந்தது. எழுதியவர் டொரத்தி புரூக். பிரித்தானியக் குதிரைப்படை அதிகாரி ஒருவரின் மனைவி. கணவருக்கு எகிப்தில் பதவி கிடைத்ததால் 1930இல் கெய்ரோவுக்குப் போனவர். கடிதத்தின் சாரம் இதுதான்: முதலாம் உலகப் போரில் எங்கட இராணுவம் கொண்டுவந்த குதிரைகள் இன்னும் இங்கே உயிரோடு இருக்கின்றன. போர் முடிந்து பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகும் பாரவண்டி இழுக்கின்றன. அவற்றை வாங்கி நிம்மதியாகச் சாக விடுவதற்குக் காசு அனுப்புங்கள்.

காப்பாற்றுவதற்கு இல்லை, சாக விடுவதற்கு. குதிரை மீட்பு, சரணாலயம் எண்டு இன்றைக்கு நாங்கள் கேள்விப்படும்போது மனதில் வருவது பச்சைப் புல்வெளியும் அதில் மேயும் கிழட்டுக் குதிரைகளும்தான். படங்களும் அப்படித்தான் வரும். அந்தப் படத்துக்குப் பின்னால் இருக்கிற வரலாறு அவ்வளவு பச்சை இல்லை. இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய குதிரை மீட்பு முயற்சிகளில் ஒன்று, மீட்ட குதிரைகளில் பெரும்பாலானவற்றைச் சில நாட்களுக்குள் கொன்றது. அதைச் செய்தவர்கள் அன்பு இல்லாதவர்களும் இல்லை. இந்த விஷயம் என்னை நிறைய நாள் குழப்பினது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்தக் குதிரைகள் கெய்ரோவுக்கு எப்படி வந்தன?

முதலாம் உலகப் போரைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பதுங்குகுழி, இயந்திரத் துப்பாக்கி, விஷவாயு, டாங்கி என்றுதான் படிக்கிறோம். ஆனால் அந்தப் போர் ஓடினது குதிரையிலும் கோவேறு கழுதையிலும்தான். பீரங்கி இழுத்தது, சாப்பாடு காவினது, காயப்பட்டவர்களை ஏற்றினது எல்லாம் அவைதான். 1914 ஆகஸ்டில் போர் தொடங்கி இரண்டு கிழமைக்குள்ளேயே பிரித்தானிய இராணுவம் தன்னுடைய நாட்டுச் சனத்திடம் இருந்து ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட குதிரைகளைக் கையகப்படுத்தியது. வயல் உழுத குதிரை, பால் வண்டி இழுத்த குதிரை, பணக்காரர் நரி வேட்டைக்குப் போன குதிரை, எல்லாம் ஒரே வரிசையில் நின்றன. அது போதாமல் வட அமெரிக்காவில் இருந்து கப்பல் கப்பலாக வாங்கினார்கள். போர் முடியும்போது பிரித்தானியத் தரப்பில் மட்டும் செத்த குதிரைகளும் கோவேறு கழுதைகளும் ஏறத்தாழ 5 இலட்சம். குண்டுபட்டுச் செத்ததைவிடப் பசி, குளிர், களைப்பு, நோய் ஆகியவற்றால் செத்தவைதான் அதிகம்.

எகிப்து, பலஸ்தீனப் போர்முனையில் கதை கொஞ்சம் வேறு. அங்கே சேறு இல்லை, மணல். பாலைவனப் போரில் குதிரைப்படைக்கு இன்னும் வேலை இருந்தது. அவுஸ்திரேலியாவில் இருந்து 'வேலர்' என்று அழைக்கப்பட்ட குதிரைகள் வந்தன. நியூ சவுத் வேல்ஸ் என்ற பெயரில் இருந்து வந்த சொல் அது. கஷ்டமான நிலத்தில் குறைந்த தண்ணீரோடு தாக்குப்பிடிக்கக்கூடிய குதிரைகள். 1917 ஒக்டோபர் 31இல் பீர்ஷெபாவைப் பிடிக்க அவுஸ்திரேலியக் குதிரைப்படை பொழுதுபடுகிற நேரத்தில் பாய்ந்து போனது பெரிய வீரக் கதையாகச் சொல்லப்படுகிறது. அந்த அவசரத்துக்குப் பெரிய காரணம் கிணறுகள். குதிரைகளுக்குத் தண்ணீர் இல்லை. ஊரைப் பிடித்தால்தான் தண்ணீர். வீரக் கதைகளில் இப்படியான விஷயங்கள் கெதியில் மறைந்துபோகும்.

1918இல் போர் முடிந்தது. ஆட்கள் வீட்டுக்குப் போகக் கப்பல் ஏறினார்கள். குதிரைகள் ஏறவில்லை. கப்பல் செலவு அதிகம், நோய்த் தடுப்புச் சட்டங்களும் இடம் கொடுக்கவில்லை. அவுஸ்திரேலியாவில் இருந்து போருக்குப் போன ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட குதிரைகளில் திரும்பி வந்தது ஒன்றே ஒன்று. 'சண்டி' என்று பெயர். ஜெனரல் பிரிட்ஜஸ் என்பவரின் குதிரை. அவர் 1915இல் கலிபோலியில் காயப்பட்டுச் செத்துப்போனார். குதிரையை மட்டும் 1918இல் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஒரு ஜெனரலின் நினைவுக்கு ஒரு கப்பல் இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

மற்றவற்றைத் தரம் பிரித்தார்கள். இளசும் நல்ல உடம்பும் உள்ளவை தொடர்ந்து இராணுவ வேலைக்கும் இந்தியாவுக்கும் போயின. வயது போனவை, நோய்ப்பட்டவை சுடப்பட்டன. அவுஸ்திரேலியச் சிப்பாய்கள் தங்கட குதிரையை அந்நியனிடம் கொடுக்க மனமில்லாமல் தாங்களே கொண்டுபோய்ச் சுட்டார்கள் என்று ஒரு கதை இன்றைக்கும் ஓடுது. வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் அதைக் கட்டுக்கதை என்கிறார்கள். சுட்டது உண்மை, ஆனால் அது மேலிடத்து உத்தரவின்படி வரிசையாக நடந்த வேலை. இதற்கு இடையில் ஆயிரக்கணக்கான குதிரைகள் எகிப்திலேயே உள்ளூர் வியாபாரிகளுக்கும் வண்டிக்காரருக்கும் விற்கப்பட்டன. 20,000 வரை இருக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படுகிற கணக்கு.

இந்த இடத்தில் பிரித்தானியர் எழுதின பழைய பிரசுரங்கள் வழக்கமாகத் தவறவிடுகிற ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். போர்க் காலத்தில் அதே இராணுவம் எகிப்தியக் கிராமங்களில் இருந்து ஒட்டகங்களையும் கழுதைகளையும் தானியத்தையும் எடுத்துக்கொண்டது. ஆட்களையும் வேலைப்படைக்கு இழுத்துக்கொண்டு போனது. 1919இல் எகிப்தில் வெடித்த எழுச்சிக்குப் பின்னால் இருந்த கோபங்களில் அதுவும் ஒன்று. அதாவது ஒரு ஏழை விவசாயியின் நல்ல கழுதையை எடுத்துவிட்டு, போர் முடிந்ததும் களைத்துப்போன குதிரையை அதே சனத்துக்கு விற்றிருக்கிறது ஒரு அரசு. இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் படியுங்கோ.

டொரத்தி புரூக் கெய்ரோவுக்கு வந்தபோது அந்தக் குதிரைகள் கண்ணில் பட்டன. உயரமான, எலும்பு பெருத்த, உள்ளூர் இனம் இல்லாத குதிரைகள். தொடைப் பக்கத்தில் இராணுவத்தின் அம்புக்குறிச் சூடு. சூடு மட்டும் அழியவில்லை, மிச்சமெல்லாம் தேய்ந்துபோயிருந்தது. சில குருடு. சில கல்லுடைக்கிற இடங்களில் பாரம் இழுத்தன. நகரத்தில் ஏற்கெனவே மிருகவதைத் தடுப்புச் சங்கம் ஒன்று இருந்தது. அங்கே அவர் கண்ட முதல் போர்க்குதிரைக்கு 'ஓல்ட் பில்' என்று பெயர் வைத்தார். கிழட்டு பில். அதை வாங்கினார். சில நாள் நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்தார். பிறகு அதன் வாழ்க்கையை முடித்துவைத்தார்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கடிதம். இன்றைய மதிப்பில் 20,000 பவுண் அளவுக்குக் காசு வந்தது என்று அவர் தொடங்கிய அமைப்பு சொல்கிறது. பெரிய பணக்காரரின் நன்கொடை இல்லை இது, பேப்பர் படிக்கிற சாதாரணச் சனம் அனுப்பினது. அவர்களில் எத்தனையோ பேருக்கு 1914இல் தங்கட வீட்டுக் குதிரையைக் கொடுத்த ஞாபகம் இருந்திருக்கும்.

காசு வந்ததும் ஒரு சின்னக் குழு அமைந்தது. மிருக வைத்தியர், அதிகாரிகள், அவர்களின் மனைவிமார். சம்பளம் இல்லாத வேலை. குதிரைகளைத் தேடிக் கண்டுபிடித்து, சொந்தக்காரரோடு பேரம் பேசி வாங்கும் நாட்கள் வைத்தார்கள். சொந்தக்காரர் குதிரையைக் கொண்டுவருவார். பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்வார்கள். தானமாய்க் கிடைத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள் எங்கட ஊரில். இங்கே தானம் இல்லை, வியாபாரம். பல்லில் தெரிந்த வயதெல்லாம் இருபதுக்கு மேலே.

விலையைத் தீர்மானிப்பதுதான் கஷ்டம். மிகக் குறைவாகக் கொடுத்தால் வண்டிக்காரனின் பிழைப்பு போகும், அவன் விற்கவும் மாட்டான். கூடக் கொடுத்தால் சந்தையில் கிழட்டுக் குதிரையின் விலை ஏறும், காசும் கெதியில் முடியும். ஒரு வேலைசெய்யக்கூடிய மிருகத்தை அவன் பதிலுக்கு வாங்கக்கூடிய விலையாக இருக்க வேண்டும். அது 1930களின் தொடக்கம். உலகப் பொருளாதார மந்தம். எகிப்தின் பருத்தி விலை விழுந்து கிடந்த நேரம். ஒரு குதிரை செத்தால் ஒரு குடும்பம் பட்டினி. டொரத்தி புரூக் இதை விளங்கிக்கொண்டார் என்பதுதான் என் பார்வையில் அவரின் பெரிய விஷயம். குதிரை மெலிந்திருந்தால் அவனும் மெலிந்துதான் இருந்தான். எல்லோரும் கொடுமைக்காரர் இல்லை. சிலர் கொடுமைக்காரர்தான், அதையும் அவர் மறைக்கவில்லை.

வாங்கின குதிரைகளைத் தொழுவத்துக்குக் கொண்டுபோவார்கள். அங்கே நடந்ததைப் பற்றின விவரணை ஒன்று அவரின் நாட்குறிப்புகள் வழியாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. வாசலில் குதிரைகள் தயங்கி நிற்குமாம். தரையில் வெட்டின வைக்கோல் மெத்தை போலக் கனமாகப் பரப்பியிருக்கும். பல வருஷமாகக் கல்லிலும் சேற்றிலும் நின்ற கால்கள். குனிந்து மணந்து பார்க்கும். பிறகு சில குதிரைகள் தீவனத் தொட்டியை நோக்கிப் போகும், அதில் 'பெர்சீம்' என்கிற பச்சைத் தீவனம் நிறைந்திருக்கும். சில குதிரைகளோ சாப்பாட்டையும் பார்க்காமல் மூட்டுகள் நோக நோக மெதுவாகப் படுத்து, கழுத்தையும் காலையும் நீட்டிவிடும். எழும்ப மாட்டா. அப்படியே கிடக்க, குதிரைக்காரர்கள் கையால் ஊட்டிவிடுவார்கள்.

இதை முதலில் வாசித்தபோது கொஞ்சம் கண்ணீர் வரவைக்கிற எழுத்து எண்டு நினைத்தேன். பிறகு குதிரையின் உடம்பைப் பற்றிப் படித்தபோதுதான் அதன் கனம் விளங்கினது. குதிரை நின்றபடியே தூங்கக்கூடியது. கால் மூட்டுகளைப் பூட்டி வைக்கிற அமைப்பு அதற்கு இருக்கு. ஆனால் ஆழ்ந்த கனவுத் தூக்கத்துக்கு அது படுக்க வேண்டும். ஒரு நாளைக்கு அரை மணித்தியாலமாவது. ஓடித் தப்புவதால் உயிர் வாழ்கிற மிருகம் அது, பயம் இல்லாத இடத்தில்தான் படுக்கும். அப்படியென்றால் வைக்கோலைக் கண்டதும் படுத்த அந்தக் குதிரைகள் எத்தனை வருஷமாக வடிவாகத் தூங்காமல் இருந்திருக்கும்?

இரண்டு மூன்று நாள் அப்படி. பிறகு வலியில்லாமல் கொல்லுவார்கள். அடுத்த தொகுதி வரும்.

1934க்குள் ஏறத்தாழ 5,000 குதிரைகள் வாங்கப்பட்டன என்பது கணக்கு. மூன்று வருஷம் என்று வைத்தால் ஒரு கிழமைக்கு முப்பதுக்கு மேலே. பெரும்பாலானவற்றின் முடிவு ஒன்றுதான். ஒரு கிழமையில் முப்பது தடவை 'ஓம், இதுவும்' என்று சொல்ல வேண்டியிருந்த அந்தக் குழுவின் மனநிலையை நினைத்துப் பாருங்கோ. மேய்ச்சல் நிலம் வாங்கி எல்லாவற்றையும் வைத்திருக்க முடியாதா என்று கேட்கலாம். எகிப்தில் நைல் கரையோரத்து நிலம் பாலைவனத்துக்கு நடுவே ஒரு ஒடுங்கின பச்சைக் கோடு. அங்கே ஒவ்வொரு துண்டிலும் மனிதர் பயிர் செய்கிறார்கள். அதோடு அந்த உடம்புகள் திரும்பி வரக்கூடிய நிலையிலும் இல்லை. மூட்டு தேய்ந்து, பல் போய், நுரையீரல் கெட்டு இருந்தன. வலியோடு இன்னும் இரண்டு வருஷம் வைத்திருப்பது குதிரைக்காகவா, எங்கட மனத் திருப்திக்காகவா? இந்தக் கேள்விக்கு டொரத்தி புரூக்கிடம் பதில் இருந்தது. எனக்கு முழுதாக இல்லை, ஆனால் அவர் பக்கம்தான் சாய்கிறேன்.

அதற்காக அவரை மாலை போட்டு வைக்கவும் தேவையில்லை. அவரின் வேண்டுகோளின் பலமே 'எங்கட நாட்டுக் குதிரைகள் அந்நிய ஊரில் துன்பப்படுகின்றன' என்கிற உணர்ச்சியில்தான் இருந்தது. பக்கத்தில் அதே பாரம் இழுத்த எகிப்தியக் கழுதைக்காக லண்டன்காரர் அன்றைக்குக் காசு அனுப்பியிருப்பார்களா? சந்தேகம்தான். குதிரையை விற்ற இராணுவத்தைவிட வாங்கின வண்டிக்காரனில் கோபப்படுவது அந்தக் காலத்து வாசகருக்குச் சுகமாக இருந்திருக்கும். இன்னொன்று, இந்தக் கதையில் குதிரைக்குப் பெயர் இருக்கு, பிரித்தானியப் பெண்மணிக்குப் பெயர் இருக்கு. வைக்கோல் பரப்பி, படுத்த குதிரைக்குக் கையால் ஊட்டின எகிப்தியக் குதிரைக்காரருக்கு இல்லை. அவர்கள் இல்லாமல் ஒரு நாள்கூட அந்தத் தொழுவம் ஓடியிருக்காது.

ஆனால் 1934இல் நடந்ததுதான் உண்மையான திருப்பம். போர்க்குதிரைகள் முடிந்துகொண்டு வந்தன. வேலை முடிந்தது என்று குழு கலைந்திருக்கலாம். அப்படிக் கலைந்திருந்தால் அது ஒரு நாட்டுப்பற்றுக் கதையாகவே முடிந்திருக்கும். அதற்குப் பதிலாகக் கெய்ரோவின் சையிதா ஸைனப் பகுதியில் 'பழைய போர்க்குதிரை நினைவு மருத்துவமனை' தொடங்கப்பட்டது. பெயரில்தான் போர்க்குதிரை. வாசல் உள்ளூர்க் குதிரைக்கும் கழுதைக்கும் கோவேறு கழுதைக்கும் திறந்திருந்தது. வைத்தியம் இலவசம். குதிரையை வண்டிக்காரனிடம் இருந்து பறித்து மீட்பதில் இருந்து, குதிரையை அவனிடமே வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் தாக்குப்பிடிக்கச் செய்வதற்கு அந்த முயற்சி நகர்ந்தது. சேணப் புண்ணுக்கு மருந்து போட்டு, லாடம் சரியாக அடித்து, ஏன் புண் வந்தது என்று சொந்தக்காரனுக்குக் காட்டிக்கொடுப்பது. 'புரூக்' என்ற பெயரில் அந்த அமைப்பு இன்றைக்கு ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் வேலை செய்கிறது. இந்தியா, பாகிஸ்தானின் செங்கல் சூளைகளில் கல் சுமக்கிற கழுதைகளும் கோவேறு கழுதைகளும் அதற்குள் அடங்கும். டொரத்தி புரூக் 1955இல் கெய்ரோவிலேயே இறந்து, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

குதிரைக்கும் ஒரு முதுமை உண்டு, அதற்கும் ஓய்வு வேண்டும் என்கிற யோசனையை அவர் கண்டுபிடிக்கவில்லை. 1877இல் அன்னா சுவெல் எழுதின 'பிளக் பியூட்டி' நாவலில் குதிரையே தன் கதையைச் சொல்லும். இன்றைக்கு அதைச் சிறுவர் புத்தகம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். அவர் அதைக் குதிரையோடு வேலை செய்கிறவர்களுக்காகத்தான் எழுதினார். புத்தகம் வந்து சில மாதத்தில் அவர் இறந்துபோனார். அந்தப் புத்தகத்தால் தூண்டப்பட்ட ஆன் லிண்டோ என்ற பெண் 1886இல் லண்டனுக்குப் பக்கத்தில் குதிரைகளுக்கான ஓய்வு இல்லம் ஒன்றைத் தொடங்கினார். அதில் எனக்குப் பிடித்த விஷயம், களைத்த குதிரையை ஓய்வுக்கு எடுக்கும்போது வண்டிக்காரனுக்குப் பதில் குதிரை இரவல் கொடுத்தார்கள். அவனின் உழைப்பு நிற்கக் கூடாது என்று 1886இலேயே யோசித்திருக்கிறார்கள். பிறகு ஏடா கோல். 1911இல் பெல்ஜியத்தின் அன்ட்வேர்ப் துறைமுகத்தில், வேலை செய்து முடித்த இங்கிலாந்துக் குதிரைகள் இறைச்சிக்காகக் கப்பலில் இருந்து இறக்கி நடத்திக்கொண்டு போகப்படுவதைக் கண்டவர். 1927இல் அதற்கு எதிராக ஒரு சங்கம் தொடங்கி, 1930இல் இறந்தார். 1937இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் கருணையைப் பற்றிக் கதைக்கவில்லை. ஏற்றுமதி செய்யும் குதிரைக்கு ஒரு குறைந்தபட்ச விலையை வைத்து, இறைச்சிக்கு அனுப்பினால் இலாபம் இல்லாமல் செய்தது. கெட்டித்தனமான வேலை.

இப்படிப் பார்த்தால் குதிரைச் சரணாலயங்களின் வரலாற்றில் பெண்கள், தொண்டர்கள், சில்லறைக் காசு என்று மூன்று விஷயம் திரும்பத் திரும்ப வருது. இன்னொன்றும் வருது, சாணி.

சும்மா சொல்லவில்லை. ஒரு குதிரை ஒரு நாளைக்கு 15 முதல் 25 கிலோ வரை சாணி போடும். தொண்டர்கள் நடத்துகிற எந்தக் குதிரைச் சரணாலயத்திலும் நாளின் பெரிய வேலை தடவிக் கொடுப்பது இல்லை, அள்ளுவது. காலையில் முதலில் பார்ப்பதும் அதைத்தான். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றில் அடைப்போ வாயுவோ வந்தால் சில மணித்தியாலத்தில் உயிர் போகலாம். ஆகவே இரவில் எத்தனை தடவை போயிருக்கு, இறுக்கமா தண்ணியா, தீவனம் மிச்சம் இருக்கா, தண்ணி வாளி குறைந்திருக்கா எண்டு பார்க்க வேண்டும். நடுத்தர அளவுக் குதிரை ஒரு நாளைக்கு 25 முதல் 50 லீற்றர் வரை தண்ணீர் குடிக்கும். குழாய் இல்லாத இடத்தில் அது எத்தனை வாளி என்று கணக்குப் பாருங்கோ. பிறகு நாலு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, குளம்புக்குள் இறுகின மண்ணையும் கல்லையும் கொக்கிபோன்ற ஒரு கருவியால் தோண்டி எடுக்க வேண்டும். ஒரு நாள் விட்டால் கல் குத்தும், நாலு நாள் விட்டால் அழுகும். ஆறு முதல் எட்டுக் கிழமைக்கு ஒருக்கா குளம்பை வெட்ட வேண்டும், எங்கட நகம் மாதிரித்தான் வளரும். கிழட்டுக் குதிரைக்குப் பல் தேய்ந்து போவதால் புல்லை மென்று உருண்டையாக்கித் துப்பிவிடும். அதற்குத் தீவனத்தை ஊறவைத்துக் கூழாகக் கொடுக்க வேண்டும்.

பட்டினியால் மெலிந்து வந்த குதிரையைப் பராமரிப்பது இன்னும் நுட்பம். மனம் இளகி ஒரேயடியாக நிறையத் தானியம் போட்டால் அது செத்துப்போகலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது முகாம்களில் இருந்து மீட்கப்பட்ட மனிதர்களில் இதே விஷயம் கண்டறியப்பட்டது. பட்டினிக்குப் பழகின உடம்புக்குத் திடீரென்று சாப்பாடு கிடைத்தால் இரத்தத்தில் உள்ள உப்புக்களின் சமநிலை குலைந்து இதயம் நின்றுவிடும். அதனால் நல்ல புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக, சில மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, இரவிலும் எழும்பிக் கொடுக்க வேண்டும். மெலிவை அளக்க 1983இல் டொன் ஹெனெக் என்ற ஆய்வாளர் 1 முதல் 9 வரை ஒரு அளவுகோல் செய்தார். 1 என்றால் எலும்பு மட்டும். விலாவையும் முதுகையும் கழுத்தையும் கையால் தடவிப் புள்ளி போட வேண்டும். ஒன்றில் வந்த குதிரையை ஐந்துக்குக் கொண்டுபோக மாதக்கணக்கு எடுக்கும். இந்த மாதங்களில் வீரமான காட்சி எதுவும் நடக்காது. அதே வாளி, அதே மண்வெட்டி.

இதெல்லாம் வெள்ளைக்காரரின் ஊர்க் கதை என்று யாரும் நினைத்தால், குறிகட்டுவானில் படகு ஏறி நெடுந்தீவுக்குப் போய்வரலாம். அங்கே புல்வெளியில் திரிகிற மட்டக்குதிரைகளும் ஒரு வகையில் விற்கவும் முடியாமல் கொண்டுபோகவும் முடியாமல் விட்டுவிட்டுப் போன குதிரைகள்தான். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கொண்டுவந்து வளர்த்ததாகவும், பிறகு ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற ஐரிஷ் அதிகாரி அங்கே குதிரை வளர்ப்பைப் பார்த்துக்கொண்டதாகவும் சொல்லுவார்கள். ஒல்லாந்தர் காலக் குதிரை லாயத்தின் தூண்கள் இன்னும் நிற்கின்றன. இராணுவத்துக்கும் நிர்வாகத்துக்கும் குதிரை தேவைப்பட்ட காலம் முடிந்தது. லாயத்துக்குக் கூரை போனது, குதிரைகள் காட்டுக் குதிரைகளாயின. தலைமுறை தலைமுறையாக ஆள் கைபடாமல் பிறந்து வளர்ந்து செத்து வருகின்றன.

கெய்ரோக் குதிரைக்கும் நெடுந்தீவுக் குதிரைக்கும் உள்ள வித்தியாசம் முக்கியமானது. இவற்றுக்குக் கடிவாளம் தெரியாது. பாரம் இழுத்த புண் இல்லை. பிடித்துக்கொண்டு வந்து வைக்கோல் மெத்தை போட்டால் இவை படுக்காது, பயத்தில் காலை உடைத்துக்கொள்ளும். இவற்றின் பிரச்சினை வேறு. கோடையில் தண்ணீர். ஆனி தொடக்கம் புரட்டாதி வரை தீவின் குட்டைகள் வற்றும். நல்ல தண்ணீருக்கு மனிதரே அல்லாடுகிற தீவு அது. கடும் வரட்சி வந்த வருஷங்களில் குதிரைகள் செத்து விழுந்த செய்திகளும் படங்களும் வந்தன. 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அறிவித்தல் தண்ணீர் ஊற்றாது. மாட்டுக்காரரும் அதே புல்லையும் அதே குட்டையையும் நம்பி இருக்கிறார்கள். குதிரைக்கு வேலி போடு எண்டு ஒரு வரியில் எழுதிவிட்டால் அது அவர்களின் மேய்ச்சலில் கை வைப்பதாக முடியும். வண்டிக்காரனின் பிழைப்பை முதலில் யோசித்த 1886ஐயும் 1934ஐயும் இங்கே ஞாபகப்படுத்துவது அதனால்தான்.

எங்கட தலைமுறைக்கு விட்டுவிட்டுப் போன மிருகம் என்பது பேப்பரில் மட்டும் படித்த விஷயமும் இல்லை. இடம்பெயரும்போது மாட்டை அவிழ்த்து விட்டதா, கட்டினபடியே விட்டதா எண்டு இன்றைக்கும் வீடுகளில் கதைப்பார்கள். நாயைக் கூப்பிடாமல் போனதைப் பற்றி ஒருவரும் கதைக்க மாட்டார்கள். அந்த மிருகங்களை வாங்கவோ தேடவோ ஒரு குழு இருக்கவில்லை. மனிதரைத் தேடவே ஆள் இல்லாத நேரத்தில் அதை எதிர்பார்க்கவும் முடியாது.

நெடுந்தீவில் சுற்றுலாப் படகு வந்து போவது பகல் நேரத்தில்தான். வருகிற ஆட்கள் குதிரையோடு படம் எடுக்கிறார்கள், சிலர் கிட்டப்போய்ப் பிஸ்கட் நீட்டுகிறார்கள். குதிரைகள் தண்ணீர் தேடி நடப்பது பெரும்பாலும் வெயில் தாழ்ந்த பிறகு, படகெல்லாம் போய்விட்ட நேரத்தில்.